இரண்டு சிம்முக்கும் ஒரே போர்டு

முதல் போர்டுகள் வயலுக்குப் போன மூன்றாம் நாள், காளையார்கோவிலிலிருந்து விவசாயி அருளப்பன் போன் செய்தார்.

"தம்பி, என் சிம்மப் போட்டா மோட்டார் ஓடுது. மகன் வாங்குன சிம்மப் போட்டா சும்மா கெடக்குது. என்னத்தக் குடுத்துட்டுப் போனீக?"

மானகிரியில் இருக்கும் எங்கள் சின்ன கம்பெனி, போன் அடித்தால் பம்புசெட் ஓடும் ஸ்டார்ட்டர் செய்கிறது. அதில் மோடத்தையும் ஆண்டெனாவையும் இணைக்கும் மேட்சிங் என் முதல் டிசைன். மோடம் 50 ஓம். பெட்டி மூடிமேல் தட்டையாக ஒட்டிய ஆண்டெனா வெறும் 5 ஓம். மேட்சிங் இல்லாவிட்டால் சிக்னலில் பாதிக்கு மேல் மோடத்துக்கே திரும்பிவிடும்.

நான் போட்டது 900 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளமுள்ள ஒரு செம்புப் பட்டை. அருளப்பனின் சிம் 900-இல் பேசியது. மகன் சிம் 1800-இல். அங்கே அலைநீளம் பாதி, அதனால் அதே பட்டை அரை அலையாகிவிடும். அரை அலைப் பட்டை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். புத்தகத்துக் கணக்கில் ஒரே அதிர்வெண்தான் இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போனவன் நான். அச்சில் இருப்பதைத் தாண்டிக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

முதலாளி கோபப்படவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க தம்பி. சரியா வரலைன்னா வெளிய ரெடிமேட் ஆண்டெனா வாங்கிப் போட்டுருவோம். டிசைன் நமக்கு வேணாம்."

எங்கள் பக்கம் வரப்புத் தகராறு வந்தால் நடுவில் கல் ஊன்றி முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். 900-க்கும் 1800-க்கும் நடுவே, 1350-க்குக் கால் அலை. டெஸ்டிங் பார்க்கும் ஜெசிந்தா, எவ்வளவு சிக்னல் திரும்புகிறது என்று காட்டும் அனலைசரின் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டு பேருக்கும் நல்லவரா இருக்கப் பாத்தீக. இப்ப ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக, இஞ்சினியரே."

உண்மைதான். 900, 1800 என்ற இரண்டு பேண்டிலும் சிக்னலில் மூன்றில் ஒரு பங்கு திரும்பியது.

வியாழக்கிழமை காலை பட்டையை இரண்டு துண்டாக்கிக் கணக்குப் போட்டேன். நீளம் ஒன்று, அகலம் வேறு. ஒவ்வொரு துண்டும் 900-இல் 60 டிகிரி, அதாவது அலையில் ஆறில் ஒரு பங்கு. 1800-இல் தானாகவே 120. இரண்டுக்கும் டேன் மதிப்பு ஒன்றுதான், குறிதான் வேறு. சமன்பாட்டில் அது வர்க்கமாக வருவதால் குறியும் போய்விடுகிறது! 900-க்கு வந்த விடையே 1800-க்கும் விடை. ஆண்டெனா பக்கம் 11 ஓம், அது அகலப் பட்டை; மோடம் பக்கம் 22 ஓம், அது ஒல்லிப் பட்டை. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இதை முன்பே பலர் எழுதியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அது என்னுடையது.

மத்தியானத்துக்குள் அந்தக் கணக்குப்படி புதுப் போர்டு ஒன்று செய்து, ஆண்டெனாவுக்குப் பதில் 5 ஓம் லோடு மாட்டி, அனலைசரில் கோத்தேன். முன்னைவிட மோசம்.

ஜெசிந்தா குனிந்து பார்த்தார். "அகலப் பட்டை ஆண்டெனா பக்கம்னு காலையிலேருந்து நாலு தடவ சொன்னீக. இப்ப அது மோடம் பக்கமால்ல நிக்குது?"

இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கனெக்டர். அவசரத்தில் தலைகீழாக மாட்டியிருந்தேன். திருப்பி மாட்டியதும் திரையில் கோடு இரண்டு இடத்தில் குத்திட்டு இறங்கியது: ஒன்று 900, ஒன்று 1800.

"எறங்கிருச்சு," என்றார் ஜெசிந்தா. அதற்குப் பிறகு கிண்டல் இல்லை.

வெள்ளிக்கிழமை முதலாளியும் நானும் காளையார்கோவில் போய்ப் புதுப் போர்டை மாட்டினோம். மகன் சிம்மைப் போட்டு அருளப்பன் போன் அடித்தார். மோட்டார் உறுமியது, குழாயில் தண்ணீர் வந்தது. அவர் முகத்தில் பெரிய மாற்றமில்லை.

"ஓடிருச்சு. நிப்பாட்டுறதையும் பாத்துருவோம்."

நின்றது. அவருடைய சிம்மைப் போட்டோம். அதிலும் ஓடியது, நின்றது. முதலாளி என் பக்கம் திரும்பி, "இதையே போட்டுருவோம் தம்பி. அடுத்த லாட்டுக்கு டிராயிங் குடுங்க" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை பேண்டு என்று முதலில் கேளுங்கள். அத்தனையையும் ஒரே தாளில் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றோ, நடுவில் நின்றுகொள்ளலாம் என்றோ நினைக்காதீர்கள். அப்புறம், கனெக்டரில் எது எந்தப் பக்கம் என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிடுங்கள். நான் இப்போது டிராயிங்கிலேயே எழுதிவிடுகிறேன்.