எனக்குக் கேட்ட அட்டைப் பயிற்சி என் மனைவிக்குக் கேட்கவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருடம் யோசித்துவிட்டேன். நோட்டை எடுப்பேன், சிலுவை போட்டுக்கொள்வேன், ஒரு வரி எழுதுவேன், மூடிவிடுவேன். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இதே விஷயத்தை நான் முன்பே ஒரு தடவை எழுதிவிட்டேன். அது பாதி எழுத்து. அந்தப் பாதியால் என் மனைவி கஷ்டப்பட்டாள்.

எழுபதுகளில் எனக்குச் சிங்கப்பூர் ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலை. கீழே நின்று கிரேனுக்குக் கை காட்ட வேண்டும். ஒரு நாள் நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்புத் தகடு நழுவி விழுந்தது. யாருக்கும் அடி இல்லை, மாதாவுக்கு நன்றி. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து என் கை மேலே எழும்பவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு அடிக்கும். பாதி வழியில் இறங்கி நடந்து தேக்காவில் இருந்த எங்கள் வாடகை அறைக்குத் திரும்பிவிடுவேன். மேஸ்திரி என்னை ஸ்டோரில் துணி மடிக்க வைத்தார்.

"மடிப்பு நல்லா இருக்குண்ணே, லாண்டரி வைக்கலாம் லா," என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டல் பண்ணினார்கள். பிறகு அவர்களே என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே டாக்டர் பார்த்த பிறகு ஒரு தமிழ்த் தாதியிடம் அனுப்பினார். அந்தம்மா கெட்டி அட்டைகளில் குடை, கெண்டி, சேவல், செருப்பு என்று படம் ஒட்டி வைத்திருந்தார். அட்டைகளை வரிசையாகப் பரப்புவார், நான் பார்த்துக்கொள்ள வேண்டும். கவிழ்த்ததும் வரிசையைச் சொல்ல வேண்டும், பிறகு பின்னாலிருந்தும் சொல்ல வேண்டும். நடுவில் இரும்பு விழுகிற மாதிரி நினைப்பு வரும், வேர்க்கும். "நெஞ்சு அடிச்சா அடிக்கட்டும்ணே. நீங்க அடுத்த அட்டைக்கு வாங்க," என்பார். ஒரு கட்டு அட்டையை வீட்டுக்கும் கொடுத்து, தினமும் கொஞ்ச நேரம் செய்யச் சொன்னார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். எங்கள் கோயிலில் சனிக்கிழமை மாதா நவநாள். நான் இந்தப் பயிற்சியையே நேர்ச்சையாக்கிவிட்டேன். ஒன்பது சனிக்கிழமை, ஒவ்வொரு அட்டைக்கும் முன்னால் ஒரு அருள் நிறைந்த மந்திரம். எட்டாவது வாரம் மேஸ்திரியிடம் கேட்டு மறுபடி கிரேனுக்குக் கீழே போய் நின்றேன். கை எழும்பியது. மேலே கிரேனில் இருந்த மலாய்க்காரர் ஹாரனை இரண்டு தடவை அடித்தார்.

நவநாளில் நன்றிக் கடிதம் எழுதிப் பெட்டியில் போடுவோம். பேர் போட மாட்டோம். சாமியார் அதை எல்லாருக்கும் வாசிப்பார். கஷ்டத்தில் இருப்பவர்கள் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். நானும் எழுதினேன். கடைசியில் இப்படி முடித்தேன்: "விசுவாசத்தோடு ஒன்பது வாரம் இதைச் செய்கிற எவரும் மனச்சுகம் பெறுவார்கள்." எவரும் என்று எழுத எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அன்றைக்கு அது பெருமையாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜூரோங்கிலேயே அரசாங்க அடுக்குமாடியில் வீவக வீடு கிடைத்துப் போனோம். பதினோராவது மாடி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் வேலைக்குப் போய்விட்டால் என் மனைவிக்குப் பேச ஆள் இல்லை. முதலில் சனிக்கிழமை கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு சமைப்பது குறைந்தது. வேலை முடிந்து வந்தால் வெண்டைக்காய் பாதி நறுக்கியபடி கிடக்கும். அவள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அழ மாட்டாள். அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

அவளைப் பார்க்கத் தேக்காவிலிருந்து வந்த ஒரு அக்கா, ஜெபப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். யாரோ ஒருவர் கையெழுத்தில் என் கடிதம். "உங்க வீட்டுக்காரரு எழுதினதுதானாமே. வீட்டுலயே மருந்தை வச்சுக்கிட்டு ஏம்மா இப்படி உக்காந்திருக்கே?" என்றார்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பெட்டிக்குள்ளிருந்து அட்டைகளைத் தேடி எடுத்தேன். ஒன்பது வாரம். அவள் மறுக்கவில்லை. வாரம் போகப் போக இன்னும் அதிகமாகப் படுத்துக்கொண்டாள். அவள் மனசு வைக்கவில்லை என்று நினைத்தேன். ஒன்பதாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். "விசுவாசம் இல்லாம செஞ்சா எப்படிப் பலிக்கும்?"

அவள் எழுந்து வந்து இருபது அட்டைகளையும் மேசையில் பரப்பினாள். பார்த்தாள். கவிழ்த்தாள். முன்னாலிருந்து சொன்னாள், பின்னாலிருந்து சொன்னாள். ஒன்றும் தப்பவில்லை. நான் பதினாலுக்கு மேல் ஒருநாளும் சொன்னதில்லை.

"எல்லாம் சொல்லிட்டேன். இப்ப என்னங்க?" என்றாள். "முத வாரத்துலயே சொல்லிட்டேன். மனசு அப்படியேதான் கெடக்கு. மாதா உங்களுக்குக் குடுத்தாங்க. எனக்குக் குடுக்கலை. நான் என்ன பாவம் செஞ்சேன்னு தெரியலை. இனிமே இருந்து என்ன?"

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு நான் காத்திருக்கவில்லை. மறுநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவளைத் தனியாக வைத்து வெகுநேரம் பேசினார். மாத்திரை எழுதினார், அடுத்த வாரமே வரச் சொன்னார். வெளியே வந்தால் அதே தாதி. நான் என் கடிதத்தையும் ஒன்பது வாரத்தையும் சொன்னேன்.

"அக்காவுக்கு யாரு இந்த அட்டையைக் குடுத்தது?"

"நாந்தாம்மா."

"உங்க பிரஷர் மாத்திரையையும் குடுப்பீங்களாண்ணே?" என்றார். அவர் அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, இந்தப் பயிற்சி சிலருக்கு நல்லாக் கேக்கும். சிலருக்குக் கொஞ்சம் கேக்கும். சிலரு உங்கள மாதிரி அட்டையில கெட்டிக்காரங்களா ஆயிடுவாங்க, ஆனா மனசுக்கு ஒண்ணும் செய்யாது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. அது உங்க தப்பு இல்லை. வேற வழி பாப்போம்."

திரும்பி வர பஸ் ஏறி உட்கார்ந்தோம். பிறகு கேட்டாள். "அப்ப மாதாவுக்கு எம்மேல கோவம் இல்லையா?"

"அட்டையை உனக்குக் குடுத்தது நான். மாதா இல்லை."

"அதானே பாத்தேன்," என்றாள். "அவங்களா இருந்தா ஆளைப் பாத்துக் குடுத்திருப்பாங்க."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்தாள். எனக்கு மூச்சு வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் ஆள் இருந்ததால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மாத்திரை பிடிக்க வாரங்கள் ஆயின. இரண்டு தடவை மாற்றினார்கள். வாரத்தில் இரண்டு நாள், முடிகிறதோ முடியவில்லையோ, வீட்டை விட்டு வெளியே போய் ஒரு வேலை முடித்துவிட்டு வர வேண்டும் என்று தாதி சொல்லியிருந்தார். அவள் பஸ் ஏறித் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் வந்தாள். ஒரு சாயங்காலம் நான் கதவைத் திறந்ததும், "கெட்டுப்போன மீனைத் தலையில கட்டிட்டான். நீங்களும் ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்க, அவன் உங்க சிநேகிதன்," என்று அரை மணி நேரம் திட்டினாள். அன்றைக்கு ஜெபமாலை சொல்லும்போது நான் வேறு எதுவும் கேட்கவில்லை, நன்றி மட்டும் சொன்னேன்.

என் பழைய கடிதத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று சாமியாரிடம் கேட்டேன். "நன்றியை ஏன் திரும்ப வாங்குறீங்க? நடந்தது நடந்ததுதானே. விட்டுப்போனதை எழுதுங்க," என்றார். அவள் கதையை ஊருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வருடம் அவளே, "எழுதுங்க. என்னை மாதிரி ஒருத்தி எங்கயாவது அட்டையோட உக்காந்திருப்பா," என்று சொன்னாள்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். இதைப் பார்த்து எழுதுகிறவர்கள் முழுதாக எழுதுங்கள். நீளமாக இருக்கிறதென்று என் கை எழும்பிய இடத்தோடு நிறுத்தாதீர்கள், நான் எழுதியதற்குமேல் ஒரு வரியும் சேர்க்காதீர்கள். எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு வேறொன்று கேட்டது. இந்த மூன்றும் சேர்ந்துதான் எங்கள் நன்றி. உங்களுக்கு எது கேட்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்று கேட்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கே போய் மறுபடி கேளுங்கள் என்பதும் இதிலே இருக்கட்டும்.