டீச்சர் போட்ட கையெழுத்து

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. திருச்சியில், திருவெறும்பூர் பக்கம் எங்கள் வீடு. பெரிய தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய நகர். என் கணவருக்கும் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போவில். கல்யாணமாகி இங்கே வந்து அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது. முதல் மூன்று வருடம் ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. பிறகு இந்தச் சொந்த வீடு. இத்தனை வருடமும் என் கையில் இருந்தது மலேசியப் பாஸ்போர்ட். விசாவையும் குடியிருப்பு அனுமதியையும் அவ்வப்போது புதுப்பித்துக்கொள்வேன். அதிலேயே காலம் ஓடிவிட்டது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கணவர் பலமுறை சொல்லியும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்ற வருத்தம் உள்ளே இருந்தது.

அந்த வருடம் பள்ளி விடுமுறைக்கு ஈப்போ போய்விட்டுத் திரும்பினோம். திருச்சி விமான நிலையத்தில் வழக்கம்போல் கணவரும் மகளும் இந்தியர்களுக்கான வரிசையில், நான் வெளிநாட்டவர் வரிசையில். அவர்கள் முடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். என் வரிசை நகரவே இல்லை. ஒன்பது வயது மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அங்கிருந்த அதிகாரியிடம், "அவங்க எங்க அம்மாதான், அவங்களும் எங்க வீட்லதான் இருக்காங்க, விடுங்க சார்" என்று சத்தமாகச் சிபாரிசு செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், "சரி, விண்ணப்பம் போட்டுடலாங்க" என்றேன்.

ஈப்போவில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொல்லத் தயக்கமாக இருந்தது. சொன்னதும் அம்மா, "நீ அன்னைக்கே போயிட்ட. பாஸ்போர்ட் மட்டும்தானே இங்க பாக்கி? அதையும் எடுத்துக்க" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசை ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டது. கல்யாணப் பதிவுச் சான்றிதழ், கணவரின் பாஸ்போர்ட், வீட்டு வரி ரசீது, கேஸ் பில் என்று எங்கே பார்த்தாலும் காகிதம். பதினோரு வருடத்தில் நான் எப்போது நாட்டை விட்டுப் போனேன், எப்போது திரும்பினேன் என்று தேதிவாரியாகப் பட்டியல் வேண்டும். பாஸ்போர்ட்டில் சில முத்திரைகள் மங்கிப்போயிருந்தன. கணவர் ஒரு சார்ட் பேப்பரை விரித்துக்கொண்டு, "இது உங்க அப்பா காரியத்துக்குப் போனது. இது உன் தம்பி கல்யாணம். இது நீ என்கூடக் கோவிச்சுக்கிட்டுப் போனது, பதினெட்டே நாள்ல திரும்பிட்ட" என்று ஒவ்வொன்றாக எழுதுவார். அந்தப் பட்டியலைப் படித்தால் எங்கள் குடும்பக் கதையே தெரிந்துவிடும்.

எல்லாம் சேர்ந்த பிறகு, கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். அவர், "உங்களை நல்லா தெரிஞ்ச ரெண்டு பேர் உங்க நடத்தையைப் பத்தி அஃபிடவிட் தரணும். இந்தியக் குடிமக்களா இருக்கணும், சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. பல வருஷமாப் பழகினவங்களா பாருங்க" என்றார்.

ஒருவர் சுலபமாகக் கிடைத்தார். கணவரோடு வேலை செய்பவர், எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். இரண்டாவதாக ஸ்ரீரங்கத்துச் சிநேகிதியை நினைத்தேன். நாங்கள் வாடகைக்கு இருந்தபோது முன்போர்ஷனில் குடியிருந்தவள். கேட்டதுமே, "இதுகூடச் செய்யமாட்டேனா?" என்றாள். அவள் பெயரில் அஃபிடவிட்டின் வரைவும் தயாராகிவிட்டது. செவ்வாய்க்கிழமை கலெக்டர் ஆபீசில் எல்லா ஒரிஜினல்களையும் காட்ட வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்து எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது.

சனிக்கிழமை காலை வரைவோடு ஸ்ரீரங்கம் போனேன். காபி கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினாள்.

"எங்காத்துல அவர் ஒத்துக்கலைடி. ரிட்டயர் ஆக இன்னும் ஆறே மாசம். இந்த நேரத்துல மத்தவாளுக்காக முத்திரைத்தாள்ல கையெழுத்துப் போட்டா ஏதாவது கேள்வி வருமோன்னு பயப்படறார். என்னைத் தப்பா நினைச்சுக்காதே."

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. "பரவாயில்ல விடு" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் என்னவோபோல் ஆகிவிட்டது. பதினோரு வருடம் ஓர் ஊரில் வாழ்ந்திருக்கிறேன், இவள் நல்லவள் என்று எழுதித்தர இரண்டாவது ஆள் எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து கணவரும் நானும் ஒவ்வொருவராக யோசித்தோம். எங்களுக்கு ஒரு பக்கம் காலி மனை. எதிர் வீட்டில் புதிதாக வந்தவர்கள். கணவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "டீச்சரைக் கேக்கலாமா?" என்றார்.

"அவங்களைத் தவிர யாரை வேணும்னாலும் கேளுங்க" என்றேன்.

டீச்சர் எங்கள் இன்னொரு பக்கத்து வீடு. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ஐம்பது வயதிருக்கும். அவரும் அவர் கணவரும் மட்டும்தான், குழந்தைகள் இல்லை. நாங்கள் இங்கே குடிவந்த நாளில் முதலில் எட்டிப் பார்த்தது அவர்தான். எங்கள் ஊர் வழக்கப்படி நான், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்க, அவருக்கு அந்த வார்த்தை அவ்வளவு பிடித்துப்போனது. அதன் பிறகு தினமும் மதில் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைக் கேட்பார், "என்ன, பசியாறியாச்சா?" என் மகள் நடக்கப் பழகியதே பாதி அவர் வீட்டு வராந்தாவில்தான். 'அ' போடவும் அவர் மடியில்தான் கற்றாள். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் இரண்டு கேக் செய்வார்கள், ஒன்று எங்களுக்கு.

அவரோடு நான் பேசி ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஓர் ஐப்பசி மழையில் வந்த சண்டை. அப்போதுதான் மாடியில் ஓர் அறை கட்டியிருந்தோம். கொத்தனார் மழைநீர்க் குழாயை டீச்சர் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். அருவி மாதிரி தண்ணீர் கொட்டியது அவர் வீட்டு மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில். என் மகள் அந்தத் தண்ணீரில் போய் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்து, "அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினார். சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். பிள்ளை அழுவதுதான் எனக்குத் தெரிந்தது. வார்த்தை தடித்தது. கடைசியில் டீச்சர் சொன்னார்: "வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்களுக்கு இந்த ஊரு முறையெல்லாம் எங்க தெரியப் போகுது!"

அந்த ஒரு வார்த்தை என்னை அப்படிக் குத்தியது. மறு வாரமே கணவர் குழாயை மாற்றிவிட்டார். ஆனால் நான் பேச்சை நிறுத்திவிட்டேன், மகளையும் அங்கே போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் துணி காயப்போட்டால் இந்தப் பக்கம் நான் உள்ளே போய்விடுவேன். அவர் சொன்ன வார்த்தையை ஒரு நாளும் நான் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் வீம்பு பிடித்தேன். கணவர், "நான் போய்க் கேக்கறேன்" என்றார். விண்ணப்பம் என்னுடையது, நான்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வரைவை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டுக் கேட்டில் நின்றேன்.

டீச்சர் வராந்தாவில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். காலையில் சர்ச்சில் பூசைக்கு உடுத்திய சேலையை இன்னும் மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வாங்க" என்றார். அவ்வளவுதான். நான் வந்த காரியத்தைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். கையை நீட்டி வரைவை வாங்கினார்.

விடைத்தாள் படிப்பது மாதிரியே வரிவரியாகப் படித்தார். ஓர் இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டார்.

"பதினோரு வருஷமாத் தெரியும்னு போட்டிருக்கு. எனக்கு உங்களை எட்டு வருஷமாத்தான் தெரியும். அதை மாத்தணும்."

சரி என்றேன். அடுத்த வரியில் நிறுத்தினார். 'நல்ல குணமும் நன்னடத்தையும் உடையவர்' என்று இருந்த வரி. பேனாவை அதன் மேல் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு மழையில நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே டீச்சர். நீங்கதான் வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்கன்னு சொன்னீங்க."

"சொன்னேன். அது தப்புதான். வீட்டுக்குள்ள வந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும், சொல்லல. மன்னிச்சுக்குங்க. நீங்க சொன்னது?"

எனக்கு உண்மையாகவே ஒன்றும் ஞாபகம் இல்லை. அவர் என்னைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்:

"'பிள்ளை பெத்திருந்தா, பிள்ளைகிட்ட எப்படிப் பேசணும்னு தெரிஞ்சிருக்கும்.' அதைச் சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டீங்க."

அந்த நிமிடம் என் உடம்பெல்லாம் கூசிப்போனது. அப்போதுதான் எல்லாம் திரும்பி வந்தது. மழைச் சத்தம், நான் கத்தியது, கதவைச் சாத்துவதற்கு முன்னால் அவர் முகம் போன விதம். என் பிள்ளைக்கு ஷாக் அடித்துவிடுமோ என்று நனைந்துகொண்டு ஓடிவந்த மனுஷியிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். சொன்னது மட்டுமில்லை, சுத்தமாக மறந்தும் போயிருக்கிறேன். அதற்கு மேல் மகளையும் அவரிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

"டீச்சர்…" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. அவர் என்னைத் தேற்றவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். இனி இங்கே உட்கார்ந்திருக்க எனக்கு என்ன தகுதி என்று நானும் எழுந்தேன்.

அவர் திரும்பி வந்தபோது கையில் ஆதார் அட்டையும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தன.

"குடிங்க முதல்ல. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்? காலையில எனக்கு ரெண்டு கிளாஸ் இருக்கு, அதுக்கப்புறம் லீவு சொல்லிடுவேன்."

"உங்களுக்கு எப்படி டீச்சர் மனசு வருது?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் சொன்னதை வச்சு எட்டு வருஷத்துக்கு மார்க் போட முடியுமா?" என்றார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை. ஆனால் குரல் பழைய குரலாக இருந்தது.

திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் பக்கத்தில் நோட்டரி வக்கீலின் அறையில் உட்கார்ந்திருந்தோம். வயதான மனிதர். முத்திரைத்தாளைப் புரட்டிக்கொண்டே வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டார்: "இவங்களை நல்லா தெரியுமாம்மா?"

"தெரியும் சார்" என்றார் டீச்சர். "ரெண்டு பேரும் சண்டையெல்லாம் போட்டிருக்கோம். ரெண்டு வருஷம் பேசாம இருந்திருக்கோம். அதனாலதான் நல்லா தெரியும்னு சொல்றேன்."

நோட்டரி கண்ணாடிக்கு மேலாக எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்தார். எழுத்துப் பிசகாமல், முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டார் டீச்சர்.

மறுநாள் கலெக்டர் ஆபீஸ் வேலை நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலம் மகளை அழைத்து, "டீச்சரம்மா வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். ஞாயிற்றுக்கிழமை வாய் வராமல் நின்றுபோன மன்னிப்பை அன்றுதான் முழுசாகக் கேட்டேன். டீச்சர், "சரி சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு என் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் காயம் முழுசாக ஆறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரிய வாய்ப்பும் இல்லை.

சில மாதம் கழித்து விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்திருக்கிறார். நாங்கள் வீட்டில் இல்லை. டீச்சர் அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, என்னைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார் என்று எதிர் வீட்டுக்காரர் சொன்னார். என்ன பேசினீர்கள் என்று டீச்சரிடமே கேட்டேன். "கேட்டதுக்குப் பதில் சொன்னேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. வரும்போது வரட்டும் என்று காத்திருக்கிறோம். ஆனால் எனக்குள் ஒன்று மாறிவிட்டது. யார் மேலாவது மனக்கசப்பு வந்தால், அவர் என்ன சொன்னார் என்று நினைப்பதற்கு முன்னால் நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பல நேரம் எனக்கு ஒன்றும் ஞாபகம் வருவதில்லை, அதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.