வெயிலில் வைத்த தண்ணீர்

முப்பத்திரண்டு வயதில் தாலியிழந்த சிவக்கொழுந்தையும் அவளுடைய நாலு வயது மகளையும், குளிர்மலையான நுவரெலியாவில் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராயிருந்த தமையன் புத்தூரிலிருந்து கூட்டிப்போனார். முதற் சனிக்கிழமை மகளுக்கு எண்ணெய் வைத்து, ஊர் வழக்கப்படி வாளித் தண்ணீரை வெயிலில் வைத்தாள். மத்தியானம் தொட்டுப் பார்த்தாள். குளிரில் விறைத்த கைக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயில்தான் கண் கூச எறிக்கிறதே என்று முழுகவார்த்தாள்.

"குளிருதம்மா."

"வெயிலிலை வைச்ச தண்ணியடி, பிள்ளை."

நெஞ்சில் சளி கட்டி ஐந்தாம் நாள் பிள்ளை போய்விட்டது. தேயிலைக்குள் புதைத்துவிட்டுத் தனியாகத் திரும்பினாள்.

புத்தூரில் அந்த நாசமாய்ப்போன வெயில் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அயலில் யாராவது குழந்தைக்குத் தண்ணீர் வைத்தால், போய்க் கையை விடுவாள்.

"சுடுதுதானே அக்கா?" என்பார்கள்.

"ஓம்" என்பாள். கையை எடுக்கமாட்டாள்.