தாமதத்துக்குக் காரணம்

உள்ளறையில் டம்ளரில் கரண்டி தட்டும் சத்தம் மறுபடியும் கேட்டது.

"இருய்யா, வர்றேன்" என்றாளே தவிர வியாகுலம்மாள் எழவில்லை. எதிரே வக்கீல் குமாஸ்தா தமீம் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

துறைமுகத்தில் முப்பது வருடம் நிலக்கரித் தூசியைச் சுவாசித்த அவள் கணவர் அருள்நாதனால் இப்போது உரக்கப் பேச முடியாது. அவளைக் கூப்பிட அந்தக் கரண்டிதான்.

"அப்பீலுக்குக் கெடு முடிஞ்சி நாப்பத்தேழு நாளு ஆயிப்போச்சிக்கா. இன்னாத்துக்கு லேட்டுன்னு காரணம் எழுதணும். அண்ணனுக்கு மஞ்சக்காமாலைன்னு போட்டுக்கீறேன்."

"அவருக்கு நெஞ்சுலதான பாய் கோளாறு?"

"லேட்டா வர்றவங்க எல்லாருக்கும் மஞ்சக்காமாலைதான்கா வரும்."

அவள் சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தாள்.

திருவொற்றியூரில் இந்த மனையை வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம்தான் அருள்நாதனுக்கு ஒதுக்கியது. இறால் உரித்து உரித்து விரலெல்லாம் புண்ணான காசில் அவள் வீடு எழுப்பினாள். இருபத்தாறு வருடம் கழித்து, ஒதுக்கீடே செல்லாது என்று உத்தரவாகிவிட்டது. அது பதிவுத் தபாலில் வந்த அன்றுதான் அருள்நாதன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். அதிர்ச்சி எதுவும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெற்றுக்கொண்டவள் அதை மாதா படத்துக்குப் பின்னால் சொருகினாள். தினமும் மெழுகுவர்த்தி ஏற்றி அழுதாள். போன வாரம் வாசலில் காலிசெய்யும் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் அந்த நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினாள்.

"பாய், உத்தரவ வாங்கிக்கிட்டதுக்குத் தபால்காரர் கார்டுல நான்தான் கையெழுத்து போட்டேன்."

தமீமின் பேனா நின்றது. "முன்னாடியே சொல்றதில்லையாக்கா? சங்கத்து வக்கீலு அந்தக் கார்ட நீட்டி, சம்சாரம் வாங்குன தபாலுக்கு அவரு காமாலை எப்டி காரணம்னு கேட்டா நம்ம பொய்யி அங்கயே செத்துடும். அப்பீல எடுக்கவே மாட்டாங்க. வூடு போச்சி."

"உண்மைய எழுதுனா?"

"சம்சாரம் மறைச்சிடிச்சி, எனக்குத் தெரியாதுன்னு அண்ணன் சொல்லணும். சங்கத்துல மெம்பரு அவருதான? படிச்சிக் காட்டித்தான் கையெழுத்து வாங்கணும். மன்னிச்சி எடுத்துக்குவாங்களான்னு என்னைக் கேக்காதீங்க."

கரண்டி மறுபடியும் தட்டியது.

தமீம் புதிதாக எழுதிக் கொடுத்த மனுவை எடுத்துக்கொண்டு வியாகுலம்மாள் உள்ளே போனாள். முதலில் தண்ணீர் புகட்டினாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தாள். "என் மனைவி என்னிடம் மறைத்துவிட்டதால்" என்ற இடத்தில் விரலை வைத்து இரண்டாம் முறையும் படித்தாள்.

அருள்நாதனுக்கு மூச்சு இழுத்தது.

"ஒனக்கு இன்னானா ஆயிடுமோன்னு பயந்துட்டேன்யா."

"நான் செத்தா பூட்டேன்?" என்றார் அவர். "என் வூடு... என்னாண்ட சொல்லத் தோணலியா?"

கோணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தமீம் காகிதத்தைப் பையில் பத்திரப்படுத்தினார். "திங்கக்கெழம தாக்கல் பண்ணிடுவோம். கூப்டுறேங்கா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

வியாகுலம்மாள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் கரண்டிச் சத்தத்துக்காகக் காத்து நின்றாள். அது கேட்கவில்லை.