பதினாறாவது பின்

செய்தி வந்தபோது மணி மூன்று இருபது. என் கைப்பேசியில் இரண்டு சதவீதம் சார்ஜ் இருந்தது. "அத்தான் போயிட்டாருடி. கடையில, நாற்காலியிலயே..." என்றாள் அக்கா. அடுத்த சொல் வருவதற்குள் திரை கறுத்துவிட்டது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் மூன்று சார்ஜர்களை நீட்டினார்கள். ஒன்று அகலம், ஒன்று தடிமன், மூன்றாவது பாதி நுழைந்து நின்றுகொண்டது. அத்தான் பார்த்திருந்தால், செத்தது தான்தான் என்பதையும் மறந்து, அந்த மூன்று கம்பெனிகளையும் ஏழு தலைமுறைக்குத் திட்டியிருப்பார்.

அவருக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. மாடிப்படிக்கு அடியில் இருந்தது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டும். கேபிள் செருகும் இடத்தை அவர் 'வாய்' என்றுதான் சொல்வார். யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் என்ன கோளாறு என்று கேட்கமாட்டார். அதைத் திருப்பிப் பிடித்து, "எங்க, வாயைக் காட்டு" என்பார், பல் டாக்டர் மாதிரி. எல்லாக் கேபிளும் பொருந்துகிற பொதுவான வாய் என்றால் முகம் மலரும். கம்பெனி தனக்கென்று செய்துகொண்ட வாய் என்றால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். வந்தவர் உட்கார இடம் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

"பல்பு வாங்குறீங்க. எந்தக் கடையில வாங்கினாலும் உங்க வீட்டு ஹோல்டர்ல மாட்டுதா இல்லையா? ஏன் மாட்டுது? நாலு பேர் உக்காந்து பேசி, இதுதான் அளவுன்னு எழுதி வெச்சாங்க. இவனுக்கு மட்டும் என்ன கொம்பு முளைச்சிருக்கு?"

"சார், என் லேப்டாப்பு..."

"அதுக்குத்தாம்மா வர்றேன்."

வரமாட்டார். இன்னும் பத்து நிமிடம் ஆகும்.

கோபம் முற்றி ஒருமுறை சொந்த வீட்டையே திருத்தினார். ரேடியோ, மேசை விளக்கு, இணைய மோடம், சின்ன விசிறி என்று பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுகிற அத்தனையின் முனையையும் வெட்டி எறிந்தார். தன் பிஸ்கட் டப்பாவில் குவிந்து கிடந்த ஒரே வகை வாயை எல்லாவற்றிலும் வைத்து, ஈயத்தை உருக்கி சால்டர் செய்தார். எதன் ஒயரும் எதிலும் மாட்டும். ஒரு வாரம் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அடுத்த வாரம் அவர் வெளியூர் போன நேரத்தில் மோடத்தின் அடாப்டர் எரிந்துபோனது. அக்கா பாடம் முடித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் கடைக்குப் போய்ப் புதிது வாங்கிவந்தாள். மாட்டவில்லை. மோடத்தையும் எடுத்துக்கொண்டு மாற்றப் போனாள், அங்கே இருந்த எதுவுமே மாட்டவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய அத்தான் முன்னால் அந்த மோடத்தை வைத்தாள். "இது எந்தக் கம்பெனி வாய்னு கடைக்காரர் கேட்டாரு. எங்க வீட்டுக்காரர் கம்பெனின்னு சொல்லிட்டு வந்தேன்."

அத்தான் அன்றைக்கு ராத்திரியே தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார். மறுநாள் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்தக் கம்பி எங்கே சேர்கிறது, என்ன நிறம், எத்தனை வோல்ட், எல்லாம் படத்தோடு.

"நான் செஞ்சது தப்பில்ல டீச்சரம்மா. எழுதி வெக்காததுதான் தப்பு. எழுதி ஒட்டிட்டா அது பொது. மூடி வெச்சாத்தான் அது கம்பெனி."

"ஒட்டியிருக்கிறது அலமாரிக்குள்ள" என்றாள் அக்கா.

தாளை உரித்து வெளிப்பக்கம் ஒட்டினார்.

கடைசியாக அவர் கையில் இருந்தது அக்காவின் பழைய லேப்டாப். அது ஓடாமல் போய்ப் பல வருடம் ஆகிறது. உள்ளிருக்கும் டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. அதில் எங்கள் அம்மா அக்காவைத் திட்டும் ஒலிப்பதிவு இருக்கிறது, ஆறு நிமிடம். அம்மா போன பிறகு அவள் குரல் வேறு எங்கும் இல்லை. ஆனால் டிஸ்க்கின் வாய் அந்தக் கம்பெனிக்கே உரியது, ஊசி ஊசியாய்ப் பதினெட்டு பின். "அந்தக் கேபிள் இப்ப வர்றதில்ல சார், புதுசு வாங்கிக்குங்க" என்றார்களாம் சர்வீஸ் சென்டரில். "புதுசுல எங்க மாமியார் இருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார் அத்தான்.

கேபிளைத் தானே செய்யத் தொடங்கினார். எந்தப் பின் எதற்கு என்று கம்பெனி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். "ஒண்ணு மாறினாலும் மாமியார் புகையாப் போயிடுவாங்க" என்று ஒரு நாளைக்கு ஒன்றுக்குமேல் தொடமாட்டார். தெரிந்ததும் அக்காவுக்கு போன். பாடம் நடத்திக்கொண்டிருந்தாலும் எடுத்துவிடுவாள்.

"இன்னைக்கு ஏழு."

"ஏழு என்னவாம்?"

"கரன்ட் வர்ற வழி."

"எங்கம்மா வர்ற வழி எது?"

"வருவாங்க, வருவாங்க. என்னைக்கு அவங்க சொன்ன நேரத்துக்கு வந்திருக்காங்க?"

நேற்று அக்காவும் நானும் கடையைத் திறந்தோம். மேசைமேல் கண்ணாடி கழற்றி வைத்தபடி இருந்தது. பக்கத்தில் டிஸ்க், பாதியில் நிற்கும் கேபிள். எதிர்ச் சுவரில், தெருவில் போகிறவருக்கும் தெரியும்படி, ஒரு தாள்: ஒன்று முதல் பதினெட்டு வரை எண்கள், எதிரே கம்பியின் நிறம், அதன் வேலை. எதிர்க்கடையில் கேமரா பழுதுபார்ப்பவர் வந்து வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"குழந்தைக்குச் சொல்ற மாதிரி எழுதியிருக்காரே. மீதிய நான் போட்டுத் தரட்டுமாக்கா?"

அக்கா தாளின் ஓரம் மடங்கியிருந்ததை விரலால் நீவிவிட்டாள். "யார் வேணா முடிக்கலாம்னுதானே இப்படி எழுதியிருக்காரு. முடிச்சுக் குடுங்க. இன்னைக்கு மட்டும் வேணாம்."

பதினைந்து வரை நிரம்பியிருந்தது. பதினாறுக்கு எதிரே 'பச்சை' என்று எழுதி ஒரு காற்புள்ளி வைத்திருந்தார். பச்சைக் கம்பியின் நுனித்தோல் உரித்திருந்தது, சால்டர் வைக்கவில்லை.