தலைதீபாவளிக்கு ஒரு டைமன்

திருமுல்லைவாயிலில் மாடி வீடு கட்டினேன். சொந்தமாக மூன்று லேத் போட்டேன். இரண்டு பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பினேன். எல்லாம் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது. என்னைக் கேட்டால், இவை அத்தனைக்கும் முந்தி நான் செய்த பெரிய காரியம் ஒரு சீட்டுக் கணக்குதான்.

அறுபதுகளின் கடைசி. கல்யாணமாகி நாலு மாதம். குத்தம்பாக்கத்து மாமனார் வீட்டில் எனக்குத் தலைதீபாவளி. அம்பத்தூரில் நான் வேலை பார்த்த பட்டறையிலோ, பண்டிகையன்று ஒருவர் காவல் இருந்தாக வேண்டும். அங்கே இருந்த ஐந்து பேரும் மாட்டேன் என்றோம். எங்களில் பட்டாளத்திலிருந்து வந்த ஸ்டோர் கீப்பர் மற்றவர்களுக்குப் போக்கர் என்ற சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்திருந்தார். அதையே ஆடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவானது. ஆளுக்கு இருபது தீக்குச்சி. சாப்பாட்டு நேரத்தில் ஆட்டம். முதலில் குச்சி தீர்ந்தவர் காவல்.

ஆட்டத்துக்கு ஒரு குச்சி வைத்தால் ஐந்து சீட்டு. மேலே பந்தயம் கட்டினால் வேண்டாததைப் போட்டு வேறு வாங்கலாம். ஐந்தும் டைமன், ஐந்தும் ஸ்பேடு என்று ஒரே வகையாகச் சேர்ந்தால் அநேகமாக ஜெயம். எனக்கு நாலு சேரும், ஐந்தாவது வராது. மூன்றே நாளில் எட்டுக் குச்சிக்கு வந்துவிட்டேன்.

"மூணு தபா வரல மச்சான், இப்ப வந்தே ஆவணும். வெய்யி!" என்றான் வெல்டர்.

முந்தின ஆட்டம் சீட்டுக்கு எப்படித் தெரியும்? லேத் ஓட ஓட யோசித்தேன். ஐம்பத்திரண்டில் என் கையில் ஐந்து, மிச்சம் நாற்பத்தேழு. நாலு டைமன் என்னிடம் இருந்தால் வெளியே ஒன்பது. ஐயொன்பது நாற்பத்தைந்து! ஐந்து தடவை வாங்கினால் ஒரு தடவை வரும், நாலு தடவை கோவிந்தா. அப்படியென்றால் நான் வைப்பதைப்போல் நாலு மடங்குக்கு மேல் நடுவில் கிடந்தால் வைக்கலாம். இல்லாவிட்டால் சீட்டை மடித்துவைத்து அந்த ஆட்டத்திலிருந்து விலக வேண்டும்.

மறுநாள் இரண்டு ஆட்டம் மடித்தேன்.

"இன்னா மாமே, மடிச்சி மடிச்சி துணிக்கடை வெக்கப் போறியா?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

மூன்றாவது ஆட்டம். நாலு டைமன். அவர் தன் கடைசி ஐந்து குச்சியையும் வைத்தார். மற்ற மூவரும் ஐந்தைந்து வைத்தார்கள். நடுவில் இருபத்தைந்து. என்னிடம் இருந்ததே ஐந்து. ஐந்து மடங்கு!

"வெச்சிட்டேன் அண்ணாத்தே!"

ஒரு சீட்டு வாங்கினேன். டைமன் ஏழு. அவர் மூன்று ராஜாவை விரித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டூல் மேல் ஏறி ஆடினேன். வெல்டர் என்னைத் தூக்கியதில் யாருடைய சாம்பாரோ கவிழ்ந்தது.

"வரலேன்னா இன்னாடா பண்ணியிருப்ப?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"காவல் இர்ந்திருப்பேன். அப்பவும் வெச்சது சரிதான்!"

அவர் காவல் இருந்தார். நான் குத்தம்பாக்கத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புது வேட்டியில் சரவெடி கொளுத்தினேன். பிறகு அம்பத்தூர்த் தொழிற்பேட்டை முழுக்க 'அஞ்சுல ஒண்ணு' பரவியது. கண்டுபிடித்தவர் ஸ்டோர் கீப்பர் என்றார்கள். அவரும் வாய் திறக்கவில்லை. ஆட்டம் அவர் கொண்டுவந்தது, அதை நான் மறுக்கவில்லை. கணக்கு என்னுடையது. அதைச் சொல்லிச் சீட்டை மடிக்கிற எவரும் என்னையும் சொல்லிவிட்டு மடிக்கட்டும்.