அக்கரைக்கு ஆள் அனுப்புகிறவர்

அக்கரையிலிருந்து வரும் தந்தியைச் சரவணமுத்து உடனே பிரிக்கமாட்டார். மேசையில் கவிழ்த்து வைத்து, கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டி, தொண்டையைச் செருமிக்கொண்ட பிறகுதான் கையில் எடுப்பார். படிக்கும்போது உதடு அசையும். "மூக்கு நீளம். இடது காதில கடுக்கன். நடக்கேக்குள்ள கால் கொஞ்சம் இழுபடும்" என்று தமிழில் மெல்லச் சொல்லிப் பார்ப்பார். "பிடிக்க இவ்வளவு காணும். தாடியை மாத்தலாம், பேரை மாத்தலாம், நடையை மாத்தேலாது. ஆளைப் பிடிச்சாச்சு எண்டு வையுங்கோ" என்பார். பிறகு குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தலைமன்னார் பியர் என்கிற கப்பல் துறைக்குப் போகிற ரயிலைப் பிடிக்க நடப்பார்.

சரவணமுத்து மன்னார் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். ஊரார் உத்தியோகப் பட்டத்தால் 'முதலியார்' என்றுதான் அழைப்பார்கள். மன்னார்த் தீவுக்கு அப்பால் பெருநிலத்தில் நெல் விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும் வயலைப் பற்றிப் பேச்செடுத்தால் கொட்டாவி விடுவார். களவு, மோசடி, ஆள்மாறாட்டம் என்று தொடங்கினால் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிமிர்ந்து உட்காருவார். கீரிக் கடற்கரையில் யாரோ ஒருவருடைய வள்ளம் காணாமற்போனாலும் முதலில் இவரிடம்தான் வருவார்கள். கேட்டவர்களுக்கு இல்லையென்னாமல் யோசனை சொல்வார்.

இலங்கை, இந்தியா இரண்டு கரையிலும் பறப்பது ஒரே வெள்ளைக்காரக் கொடிதான். ஆனால் அரசாங்கம் வேறு, பொலிஸ் வேறு. ராமநாதபுரத்தில் கழுத்தறுத்தவன் தனுஷ்கோடியில் கப்பலேறி இந்தக் கரையில் இறங்கிவிட்டால், அங்கிருந்து பிடியாணைப் பத்திரம் வந்து சேர்வதற்குள் தேயிலைத் தோட்டத்துக் கூட்டத்தில் கலந்து மறைந்துபோவான். மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் களவெடுத்தவன் அதேபோல அக்கரையில் ஒளிந்துகொள்வான். இதற்கு வழி சொன்னவர் சரவணமுத்து. அங்கே கப்பல் புறப்பட்டதும் அடையாளங்களைத் தந்தியில் அனுப்ப வேண்டும். நீதவான் பியரிலுள்ள சுங்கக் கொட்டகைக்கே வந்து இருக்க வேண்டும். ஆள் இன்னார்தான் என்று தெரிந்தால் வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். குற்றம் செய்தானா இல்லையா என்பதை அங்குள்ள நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

"களவெடுத்தவனுக்குக் கடல் வேலியாய் நிக்கப்படாது" என்பது அவருடைய பேச்சு. இரண்டு கரைப் பொலிஸ் துரைமாருக்கும் அது பிடித்துப்போயிற்று. கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெரியவர்கள் வந்தால் இவரைக் கூப்பிட்டுக் கதிரை கொடுத்து யோசனை கேட்டார்கள். அண்ணன் தம்பி இருவரை வெட்டிவிட்டு ஓடிவந்த ஒருவனை, பியரில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோதே பிடித்தார்கள். அதைச் சொல்லும்போது சரவணமுத்து நாவிதன் கத்தி பிடித்ததுபோல விரலைத் தன் தாடையில் வைத்துக் காட்டுவார்.

தென்மேற்குச் சோளகக் காற்று பலமாக அடித்த ஒரு நாள் அக்கரையிலிருந்து ஏட்டு அருளப்பு வந்திருந்தார். தனுஷ்கோடிப் பொலிசில் வேலை, சரவணமுத்துவுக்குப் பழக்கமானவர். மறுநாள் மன்னார் அரசாங்கக் கச்சேரியில் இரண்டு கரை அதிகாரிகளும் கூடுவதாக இருந்தது. அவர்களுடைய பெட்டிகளோடு முன்கூட்டியே வந்த அருளப்பு, பியர்த் தேநீர்க் கடையில் மணல் படாமல் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு ஊர்ப்புதினம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போன மாசம் நீங்க அனுப்பி வச்ச அந்தப் பொம்பள, இருளாயி. ஞாபகம் இருக்கா முதலியார்?"

"கைப்பிள்ளையோட வந்தவள். நகைக் களவு. வழக்கு என்னாச்சு?"

"கேசு எங்க இருக்கு? தனுஷ்கோடி பிளாட்பாரத்துலயே வாபஸ் வாங்கிட்டாகளே. புகார் குடுத்த பண்ணை வீட்டு ஆளுக காத்துக்கிட்டு நின்னாக. நகை கெடைச்சிருச்சு, தகராறு இல்லைன்னு எழுதிக் குடுத்து, அவளையும் புள்ளையையும் ரயில்ல ஏத்திக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாக. மறு வாரம் தோட்டத்துக் கெணத்துல மெதந்தா. தவறி விழுந்துட்டான்னு முடிச்சுட்டாக."

அருளப்பு தேநீரை ஒரு மிடறு குடித்தார். "புள்ள அந்த வீட்டுலதான் இருக்கு. ஆனா ஒண்ணு முதலியார், ஒங்க ஏற்பாட்டை எங்க ஐயா ரொம்ப மெச்சிக்கிட்டாரு. வந்த கப்பல்லயே திரும்பி வந்துட்டாளே."

சரவணமுத்துவின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேநீர் வேட்டியில் கொட்டியது. அருளப்புதான் பதறி எழுந்து துவாயால் துடைத்தார். "என்ன முதலியார், மேலுக்குச் சரியில்லையா?" என்று அவர் கேட்டதும் காதில் விழவில்லை. ரயிலில் ஏறி இருந்தவர் மன்னாரில் இறங்க மறந்தார். பாலம் கடந்து மடு வரை போய், அடுத்த வண்டியில் திரும்பி வந்தார்.

வீட்டில் மனைவி மனோன்மணி சோறு போட்டு விளைமீன் குழம்பை ஊற்றினார். சரவணமுத்து சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். மனோன்மணி விளக்கைக் கிட்ட நகர்த்தினார். என்ன நடந்தது என்று கேட்டு, நடந்ததைச் சொல்லவும் வைத்தார்.

"அந்தப் பொம்பிளை இங்க ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவள்."

"என்ன சொன்னவள்?"

சரவணமுத்து கண்ணை மூடினார். அடுத்தவருடைய பேச்சை மனத்தில் பிடித்து வைப்பது அவருடைய தொழில். இருளாயியின் பேச்சு அவள் குரலின் ஏற்ற இறக்கத்தோடு அவர் வாயிலிருந்து வந்தது.

"ஐயா, நான் எதையும் களவாங்கல. அந்த வீட்டுல சாணி அள்ளப் போனவ நான். இந்தப் புள்ள அந்த வீட்டுப் பெரியவுக புள்ள. அது தெரிஞ்சதுலேருந்து அந்த வீட்டம்மா எங்க ரெண்டு பேரையும் உசுரோட வைக்கமாட்டேன்னு நிக்கிறாக. நான் எடுத்தது இந்தப் புள்ளைய மட்டுந்தான். செயில்ல போடணுமின்னா இங்கனயே போடுங்க. எத்தனை வருசம் வேணுமின்னாலும் இருக்கேன். அங்க மட்டும் அனுப்பிராதீக. அங்க என்னையக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகமாட்டாக. கெணத்துக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போவாக."

மனோன்மணி அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டார்.

"இவ்வளவையும் நீதவான் துரைக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"என்ன சொன்னனீங்கள்?"

"குற்றத்தை மறுக்கிறாள் எண்டு சொன்னனான்."

"அவ்வளவுதானோ?"

"கேள்வி அதில்லை, மனோன்மணி. ஆள் இவள்தானோ எண்டதுதான் கேள்வி. கப்பலும் வெளிக்கிட நிண்டது." சோற்றை அப்படியே தள்ளி வைத்தார். எழுந்து முற்றத்துக்குப் போய்க் கையைக் கழுவினார். மனோன்மணி பின்னால் போய்ச் செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தார்.

மறுநாள் கச்சேரியில், இந்த ஏற்பாட்டை இன்னும் விரிவாக்குவது பற்றிப் பேசினார்கள். நீதவான்கூட வேண்டாம், பியர்ப் பொலிசே அடையாளம் பார்த்து அனுப்பிவிடலாமா என்று கேட்டார்கள். வழக்கம்போலச் சரவணமுத்துவின் யோசனைக்காகக் காத்திருந்தார்கள்.

அவர் எழுந்து நின்று, இருளாயி சொன்னதை முழுவதுமாக ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அருளப்பு சொன்னதையும் சொன்னார். சென்னையிலிருந்து வந்த அதிகாரி, அவள் இப்படிச் சொன்னதாக வழக்குப் பதிவில் இல்லையே என்றார்.

"இல்லை, ஐயா. நான் சொன்னால்தானே பதிவார்கள். நான் சொல்லவில்லை."

தன் யோசனை இரண்டு என்றார் சரவணமுத்து. அனுப்புவதற்கு முன் அந்த ஆள் சொல்வதை இந்தக் கரையில் முழுக்கக் கேட்க வேண்டும். அனுப்பிய பிறகு வழக்கு என்ன ஆயிற்று என்று அந்தக் கரை அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அடுத்த ஆளை அனுப்பக்கூடாது. வேகம்தான் முக்கியம் என்று நீங்களே சொன்னவராயிற்றே என்று கொழும்பு அதிகாரி சிரித்துக்கொண்டு கேட்டார். சரவணமுத்து சிரிக்கவில்லை. "நான்தான் சொன்னேன், ஐயா" என்றார்.

அறிவிப்பதற்கு இரண்டு கரையும் ஒத்துக்கொண்டன. ஆள் சொல்வதைக் கேட்பது அந்தந்த நீதவானின் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். அந்தத் தோட்டத்துக் கிணற்றை எவரும் மறுபடி விசாரிக்கவில்லை. அருளப்பு அதன் பிறகு இவரைக் கண்டால் தொலைவிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

இப்போதும் தந்தி வருகிறது. சில நாட்களுக்கு முன் மாட்டுக் களவு என்று ஒரு தந்தி. கப்பலிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த ஆள் மெலிந்த இளைஞன். தோளில் ஒரு துணி மூட்டை. அடையாளங்கள் எல்லாம் பொருந்தியிருந்தன. நீதவான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, ஆள் இவன்தானா என்று கேட்டார். ஆம் என்றார் சரவணமுத்து. இன்ஸ்பெக்டர் சிவராசா விலங்கோடு முன்னால் வந்தார். "முதலியார், கப்பல் சங்கு ஊதிப்போட்டுது."

சரவணமுத்து நீதவானுக்குப் பக்கத்திலிருந்த தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த இளைஞனுக்கு முன்னால் வைத்தார். அவன் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தான். அவனுடைய மூட்டையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, தோளைப் பிடித்து மெல்ல அவனை இருத்தினார். "இருங்கோ தம்பி. ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றவர், கொட்டகைக் கதவைப் போய்ச் சாத்திவிட்டு, அந்தக் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டார்.